விடிஞ்சாச்சு என்று சொல்லும் வரை

கோளரங்க வண்டிச் சாவியை உங்களிடம் கொடுத்த அன்று நீங்கள் மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்விதான். "அண்ணே, பலூனை எவ்வளவு நேரத்துல நிமித்துவீங்க?" கால் மணி நேரம் என்றேன். உடனே நோட்டில் எழுதிக்கொண்டீர்கள். நான் சொல்லாவிட்டாலும் அது உங்களுக்கு வந்துவிடும். பத்துப் பள்ளிக்கூடம் போய் வந்தால் கை தானாகக் கற்றுக்கொள்ளும். காற்றடிக்கிற புளோயரை எங்கே வைப்பது, ஓரத்தில் எத்தனை மணல் மூட்டை போடுவது, எலி கடித்த இடத்தை எப்படி ஒட்டுவது, எல்லாம் அப்படித்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றை எழுதுகிறேன். பலூனை இறக்குவதைப் பற்றி.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் இதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரத்தநாட்டுப் பக்கம் ஊர். வீட்டில் சோறு பற்றவில்லை, எனக்கும் ஓர் இடத்தில் உட்காரப் பிடிக்காது. எதனால் கிளம்பினேன் என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆழ்குழாய்க் கிணறு போடுகிற போர் லாரியில் ஆந்திரா வரை போனேன். சுவாமிமலையில் ஒரு சிலைப் பட்டறையில் மூன்று மாதம் மண் பிசைந்தேன். முத்துப்பேட்டையில் படகு தள்ளினேன். கல்யாண வீடுகளுக்குப் பந்தல் போட்டேன். வேலை இல்லாத நாட்களில் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை மேல் படுத்திருக்கிறேன். காவல்காரர் வந்து எழுப்பினால் அடுத்த அடுக்குக்குப் போய்ப் படுப்பேன். எதிலும் இரண்டு வருடம் தாங்கியதில்லை.

பலூன் கூடாரத்துக்குள் வானத்தைக் காட்டுகிற இந்த நடமாடும் கோளரங்கத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டது பந்தல் வேலை தெரியும் என்பதற்காக மட்டும். அதில் பதினான்கு வருடம் இருந்தேன். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. தினமும் காலையில் வேறு ஊருக்குப் போகும் வேலை எனக்கு அதற்கு முன் கிடைக்கவில்லை.

வானத்தைக் காட்டியவர் மேடம். பெயர் எழுதினால் திட்டுவார், அதனால் மேடம் என்றே இருக்கட்டும். இயற்பியல் படித்தவர், என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். என்னை "அண்ணே" என்பார். தொழிலில் எனக்குக் குரு என்று ஒருவரைச் சொல்வதானால் அவர்தான். அவருடைய குரலை நீங்கள் கேட்டதில்லை, அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

பிள்ளைகள் குகை வழியாகத் தவழ்ந்து உள்ளே வருவார்கள். பலூனின் நுழைவாயிலுக்குக் குகை என்று பெயர் வைத்தது பிள்ளைகள்தான். வெளியே பதினொரு மணி வெயில், வயலில் டிராக்டர் சத்தம், சத்துணவுக்கூடத்தில் தாளிக்கிற வாசனை. உள்ளே வந்ததும் எல்லாரையும் ஓரமாகத் தலை வைத்து, காலை நடுப்பக்கம் நீட்டிப் படுக்கச் சொல்வார் மேடம். விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். இருட்டும்போது நாற்பது பிள்ளைகளும் ஒரு சேர மூச்சை இழுப்பார்கள். பதினான்கு வருடமும் அந்த மூச்சைக் கேட்டேன், ஒரு நாளும் சலிக்கவில்லை. பிறகு அவர் பேசுவார், தாழ்ந்த குரலில், பக்கத்தில் படுத்திருக்கும் ஒருத்தியிடம் சொல்வதைப் போல.

"இப்ப ராத்திரி வந்தாச்சு. வாய்க்கால் தண்ணி கறுப்பா ஓடுது. வயல் எல்லாம் தூங்குது. நாம மட்டும் முழிச்சிருக்கோம். இங்க ஒரு சட்டம் இருக்கு. யாரும் பேசக் கூடாது, எந்திரிக்கக் கூடாது. கடைசியில சூரியன் வரும். நான் விடிஞ்சாச்சுன்னு சொல்வேன். சொன்ன பிறகுதான் எந்திரிக்கணும். சரியா?"

"சரிங்க டீச்சர்" என்று இருட்டு பதில் சொல்லும்.

பிறகு நட்சத்திரங்கள் வரும். எத்தனையோ ஊர்களில் வெறும் தரையில் படுத்து மேலே பார்த்தவன் நான். ஆனால் இந்தப் பலூனுக்குள் படுத்தபோதுதான் அவை நகர்கின்றன என்று தெரிந்தது. ராத்திரி முழுக்க நடப்பதை மேடம் இருபது நிமிடத்தில் நடத்திக் காட்டுவார். மொத்த வானமும் தண்ணீர் போல மேற்கே வழிந்து போகும். கடைசியில் கிழக்கு ஓரம் வெளுத்து, மஞ்சளாகி, நெல் பழுத்த நிறத்துக்கு வரும். "விடிஞ்சாச்சு" என்பார். பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுவார்கள். சிலர் தூங்கியே போயிருப்பார்கள். பக்கத்துப் பிள்ளை கிள்ளி எழுப்பும்.

என் வேலை வெளியே. குகை வாசலில் ஆள் எண்ணி அனுப்ப வேண்டும், எண்ணி வெளியே எடுக்க வேண்டும். பிள்ளைகளை எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? எண்ணவே முடியாது. ஒருவன் உள்ளே போய்த் திரும்பி வருவான், தண்ணீர் குடிக்கப் போவான், வேறு வகுப்புக்காரன் புகுந்துவிடுவான். முதல் வருடம் தினமும் கணக்குத் தவறியது. பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். செருப்போடு உள்ளே போகக் கூடாது. அதனால் வாசலில் செருப்பை ஜோடி ஜோடியாக வரிசை வைக்கச் சொன்னேன். பிள்ளைகள் ஓடும், செருப்பு ஓடாது. நாற்பது ஜோடி கிடந்தால் நாற்பது பிள்ளை உள்ளே. கடைசி ஜோடி போய்விட்டால் பலூன் காலி.

"எட்டாவது ஃபெயில்னு சொன்னீங்க, இவ்வளவு அறிவா இருக்கீங்களே" என்று மேடம் சிரித்தார்.

"ஃபெயில் இல்லைங்க மேடம், பரீட்சையே எழுதல" என்றேன்.

எல்லாச் செருப்பும் அரசாங்கம் கொடுத்த ஒரே மாதிரிச் செருப்பு. வெளியே வரும்போது எது யாருடையது என்று ஒரு சண்டை நடக்கும். அதைத் தீர்த்து வைப்பதுதான் என் பெரிய கவலையாக இருந்தது. இரண்டு வருடம் அந்தக் கணக்கு ஒரு முறையும் பொய்க்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இனி அந்த நாள். ஆவணி மாதம். தஞ்சாவூரிலிருந்து கிழக்கே போகிற சாலையில், வாய்க்கால் கரையை ஒட்டிய ஓர் ஆரம்பப் பள்ளி. ஊரைச் சொல்ல வேண்டாம். மேட்டூர்த் தண்ணீர் வந்து வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. சாலையில் வேளாங்கண்ணிக்கு நடப்பவர்கள் காவி உடுத்திக் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டகையில் பலூனை நிமிர்த்தினோம். மத்தியானத்துக்கு மேல் இன்னொரு பள்ளி இருந்தது. மேகம் வேறு கறுத்து வந்தது. நனைந்த பலூனை மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் அவசரம்.

கடைசியாக வந்தது நாலாம் வகுப்பு. செருப்பை எண்ணினேன், முப்பத்திரண்டு ஜோடி. காட்சி முடிந்தது. பிள்ளைகள் வந்தார்கள், சண்டை போட்டார்கள், செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். சாப்பாட்டு மணி அடித்துவிட்டதால் வகுப்பு டீச்சரும் அவர்கள் பின்னாலேயே போய்விட்டார். வரிசையில் ஒரு செருப்பும் மிச்சமில்லை. நான் உள்ளே போய், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நடுவில் இருந்த புரொஜக்டரைக் கழற்றி எடுத்து வந்தேன், ஓரத்துப் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பவில்லை. புளோயரை நிறுத்தினேன்.

பலூன் இறங்குவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவசரமே இல்லாமல் இறங்கும். முதலில் உச்சி குழியும், பிறகு தோள் சரியும், கடைசியில் பெருமூச்சு விட்டுத் தரையில் படரும். வழக்கமாக நான் உடனே மேலே ஏறி, உள்ளே தங்கிய காற்றைக் காலால் மிதித்து வெளியேற்றுவேன். சில நாள் புரண்டும் எடுப்பேன். அன்று மேடம் கூப்பிட்டார்.

"அண்ணே, சாப்பிட்டுட்டு மடிக்கலாம். இன்னைக்கு முட்டை. ஆறிப்போவுது வாங்க."

போனேன். முட்டையை நான் என்றும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அதற்கு மேல் அந்த நிமிடத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

வராந்தாவில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நாலாம் வகுப்பு டீச்சர் பந்தி நடுவே எண்ணிக்கொண்டே போனார். திரும்பி வந்து மறுபடி எண்ணினார்.

"ரீத்தா எங்கடி?"

"இங்கதான் டீச்சர் இருந்தா."

"இங்கதான்னா எங்க?"

யாருக்கும் தெரியவில்லை. ஒன்பது வயதுப் பெண். கழிவறையில் பார்த்தார்கள், சமையற்கூடத்தில் பார்த்தார்கள். டீச்சர் கொட்டகைப் பக்கம் வந்து "ரீத்தா, ரீத்தா" என்று நாலைந்து முறை கூப்பிட்டுவிட்டுப் போனார். அப்புறம் யாரோ பின்பக்க வேலியில் இருந்த ஓட்டையைக் காட்டினார்கள். அதற்கு அந்தப்புறம் வாய்க்கால்.

நம் ஊரில் ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால், தண்ணீர் வந்திருக்கும் காலத்தில், எல்லாருடைய காலும் தானாக ஒரு திசையில்தான் ஓடும். தலைமை ஆசிரியை ஓடினார், மேடம் ஓடினார், நானும் ஓடினேன். வயலில் இருந்த ஆண்கள் சட்டையோடு குதித்தார்கள். நானும் இடுப்பளவில் இறங்கி நாணலைக் கையால் துழாவினேன். முத்துப்பேட்டையில் ஒரு முறை அப்படித் துழாவியிருக்கிறேன், கை எதையாவது தொட்டுவிடுமோ என்ற அந்தப் பயம் எனக்குத் தெரியும். மேட்டிலிருந்து ஒருவர் மதகை அடைக்க ஆள் அனுப்பினார். நாத்துப் பறித்துக்கொண்டிருந்த ரீத்தாவின் அம்மாவுக்குச் சொல்ல ஒரு பெண் வரப்பில் ஓடினாள்.

நான் தண்ணீரில் நின்றபடி நிமிர்ந்து பார்த்தேன். சாலையில் நடந்து போனவர்கள் கூச்சலைக் கேட்டுக் கரையோரம் வந்து நின்றார்கள். என் கண் மட்டத்தில் அவர்களுடைய முகம் இல்லை, கால்கள்தான் இருந்தன. புழுதி படிந்த, வெடித்த, வரிசையான வெறுங்கால்கள்.

டீச்சரிடம் கத்தினேன். "அந்தப் புள்ள செருப்பு போட்டிருந்துச்சா?"

"செருப்பா? இல்லீங்க. மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டு மாலை போட்டிருக்கா. அம்மாவும் மகளும் சனிக்கிழமை நடக்கப் போறாங்க. ஒரு வாரமா வெறுங்கால்தான்."

கரை ஏறியது எனக்கு நினைவில்லை. மேடமும் டீச்சரும் என் பின்னாலேயே ஓடி வந்தார்கள். தலைமை ஆசிரியையும் வந்தார். அறுவடைக்கு நின்றிருந்த ஒருவர் கையில் அரிவாளோடு வந்தார்.

கொட்டகையில் பலூன் கறுப்பாகப் பரந்து கிடந்தது. எங்கேயும் ஒரு மேடு தெரியவில்லை. துணி நிறைய மடிப்பாக விழுந்திருந்ததால் எந்த மடிப்புக்குள் பிள்ளை இருக்கிறது என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை. டீச்சர் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார். நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இழுக்காதீங்க டீச்சர். மூஞ்சில சுத்திக்கும். யாரும் மேல ஏறவும் வேணாம்."

"அப்ப கிழிச்சிருவோம்" என்று அரிவாள்காரர் முன்னால் வந்தார்.

"வேணாம்."

"ஏன்யா, பலூன் வீணாப்போயிருமா? புள்ளய விட அது பெருசா உனக்கு?"

அந்தக் கேள்வியை இன்றும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. பிள்ளை எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் அரிவாளை இறக்கக் கூடாது என்றுதான் வேண்டாம் என்றேன். அதுதான் காரணம் என்று நம்புகிறேன். மனதின் ஏதோ ஒரு மூலையில் பலூனும் இருந்ததா என்று கேட்டால், இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். நெருக்கடியில் எடுக்கும் முடிவு சுத்தமாக இருக்கும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். அது சரியாக இருந்தால் போதும். சுத்தமாக இருக்க வேண்டும் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும்.

புளோயரைப் போட்டேன். முதலில் காற்று போகட்டும், மூச்சுக்கு அதுதான் வேண்டும், துணி தானாக எழும் என்று கணக்கு. சரியான கணக்குதான். ஆனால் புளோயர் மெதுவானது. ஐந்து பேரும் கையைப் பிசைந்துகொண்டு பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. துணி இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் எனப் பொங்கியது. வாய்க்கால் பக்கம் இன்னும் ஆட்கள் பெயர் சொல்லிக் கத்துவது கேட்டது. கறுப்பு நிறத்தில் ஒரு மலை எங்கள் முன்னால் முளைத்து வருவது போல இருந்தது. அரிவாள்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மேடம் எதையோ முணுமுணுத்தார். நான் எதுவும் நினைக்கவில்லை. ஒரு ஆள் தவழும் உயரம் வந்ததும் குகைக்குள் தலையை விட்டேன்.

உள்ளே இருட்டு. டார்ச் தண்ணீரில் போய்விட்டது. ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே போனேன். பாய், பாய், ஒரு பென்சில், மறுபடி பாய். துணி இன்னும் முதுகில் உரசிக்கொண்டிருந்தது. பாதிச் சுற்று வந்திருப்பேன். கையில் ஒரு கால் பட்டது. சின்னக் கால். அடியில் மண் காய்ந்திருந்தது. சூடாக இருந்தது.

அந்தக் கால் மெல்ல மடங்கியது.

"சார்" என்று ஒரு குரல், ரகசியம் போல. "விடிஞ்சாச்சா சார்?"

அந்தக் காலைப் பிடித்தபடியே சொன்னேன். "விடிஞ்சாச்சு பாப்பா. எந்திரி."

வெளியே கூட்டி வந்தேன். தலை கலைந்திருந்தது. கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. டீச்சர் உட்கார்ந்து அழுதார். பிள்ளை எல்லாரையும் பார்த்துவிட்டு, "முட்டை தீந்துடுச்சா டீச்சர்?" என்று கேட்டது. அரிவாள்காரர் வாய்க்காலுக்குத் தகவல் சொல்ல ஓடினார்.

அவர் போன வழியில் எதிரே அவள் அம்மா வந்தாள். முழங்கால் வரை சேறு, ஒரு கையில் இன்னும் நாத்து முடிச்சு. மகள் தண்ணீரில் போய்விட்டாள் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளையைப் பார்த்ததும் நாத்தைப் போட்டுவிட்டு வந்து கட்டிக்கொண்டாள். பிறகு முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு மறுபடி கட்டிக்கொண்டாள்.

"எங்கடி இருந்த?"

தலைமை ஆசிரியை முந்திக்கொண்டார். "ஒண்ணும் இல்லம்மா. கொட்டகையில படுத்துத் தூங்கியிருக்கா. நாங்கதான் பதறிட்டோம். புள்ள நல்லா இருக்கா, கூட்டிட்டுப் போ."

அவர் கெட்டவர் இல்லை. பொய்யும் சொல்லவில்லை. கொட்டகையில்தானே தூங்கினாள். அந்த ஒரு வார்த்தையோடு எல்லாம் முடிந்திருக்கும், அடுத்த பள்ளிக்கும் நேரத்துக்குப் போயிருப்போம். மேடம் என்னைப் பார்த்தார். சொல் என்றும் காட்டவில்லை, சொல்லாதே என்றும் காட்டவில்லை.

"இதுக்கு அடியிலங்க" என்று பலூனைக் காட்டினேன். "உள்ள புள்ள இருக்குன்னு தெரியாம நான்தான் இறக்கினேன். முக்கால் மணி நேரம் அடியில கெடந்திருக்கு."

அம்மா பலூனைப் பார்த்தாள். அதற்குள் அது முழுசாக எழுந்து தகரக் கூரையைத் தொட்டு நின்றது.

"எண்ணிப் பாக்கலியா?"

"எண்ணினேங்க. செருப்பை எண்ணினேன்."

அவள் தன் காலைப் பார்த்தாள். மகள் காலைப் பார்த்தாள். "செருப்பை எண்ணுனா செருப்புதான்யா கெடைக்கும்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கடைக்காரனிடம் எடை குறைவதைக் காட்டுகிற குரல்.

பலூன் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள். "மறுபடி இறக்குங்க."

"என்னம்மா?"

"நான் உள்ள போய்ப் படுக்குறேன். எம் புள்ள எப்படிக் கெடந்தாளோ அப்படிக் கெடக்கணும். இறக்குங்க."

தலைமை ஆசிரியை ஏதோ சொல்ல வந்தார். மேடம் தடுத்தார். "நானும் உங்ககூட வரேங்க" என்றார். அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு பெண்களும் குகைக்குள் தவழ்ந்து போனார்கள். சேறு அப்பிய இரண்டு குதிகால்கள் கடைசியாக மறைந்தன. ரீத்தா படுத்திருந்த இடம் எது என்று அம்மா உள்ளே இருந்து கேட்டாள், நான் சொன்னேன், படுத்த சத்தம் வந்தது. "ம், இறக்குங்க" என்றாள்.

நான் புளோயரை நிறுத்தினேன். என் வாழ்க்கையில் எத்தனையோ கனமான பொருள்களை இழுத்திருக்கிறேன், அந்தச் சுவிட்சைப் போல ஒன்றும் கனத்ததில்லை. உச்சி குழிந்தது. தோள் சரிந்தது. துணி அவர்கள் மேல் படிந்தது. மழை தகரத்தில் ஒன்றிரண்டாக விழுந்தது. ரீத்தா என் பக்கத்தில் நின்றுகொண்டு, தன் பொருளைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுப் பார்க்கிற பிள்ளை போலப் பார்த்தாள்.

"எங்கம்மா பயந்துக்க மாட்டாங்க சார்."

"நீ பயந்தியா?"

"இல்ல. மூணு மணிக்கே எழுப்பிவிட்டாங்க, கோயிலுக்குப் போவணும்னு. அதான் தூங்கிட்டேன். முழிச்சப்ப வானம் கீழ வந்துருந்துச்சு. மூஞ்சில பட்டுச்சு. மெத்துன்னு இருந்துச்சு."

"கூப்பிட்டிருக்கலாமே பாப்பா."

"டீச்சர் பேசக் கூடாதுன்னாங்கல்ல."

"உன் பேரைச் சொல்லி எல்லாரும் கத்தினாங்களே, கேக்கலியா?"

"கேட்டுச்சு. ரீத்தா, ரீத்தான்னுதான் கூப்பிட்டாங்க. யாருமே விடிஞ்சாச்சுன்னு சொல்லலியே."

துணிக்கு அடியில் மேடத்துக்கும் இது கேட்டிருக்கிறது. பிறகுதான் சொன்னார். எத்தனையோ வருடமாகப் பிள்ளைகளை அமைதியாக வைத்திருந்த சட்டம், அவருக்குப் பிடித்த சட்டம், ஒரு பிள்ளையின் வாயைக் கட்டிப் போட்டுவிட்டது. நானும் அதுவரை என் செருப்புக் கணக்கை மட்டும்தான் குற்றமாக நினைத்திருந்தேன்.

எவ்வளவு நேரம் விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உள்ளே இருந்து சத்தமே இல்லை. ரீத்தாதான் முடிவு செய்தாள். குனிந்து, துணியில் வாயை வைத்தாற்போல, "அம்மா, விடிஞ்சாச்சு" என்றாள். நான் சுவிட்சைப் போட்டேன்.

வெளியே வந்த அம்மாவின் முகத்தில் வேர்வை. எழுந்து நின்று புடவையை உதறிக்கொண்டாள். "மூச்சு முட்டல" என்றாள், எங்களிடம் இல்லை, தனக்குத்தானே. "இருட்டுதான். பேசுறது எல்லாம் கேக்குது." பிறகு மகளிடம் திரும்பினாள். "இங்க பாரு. பயமா இருந்தா, டீச்சர் சொல்லிருந்தாலும் சரி, மாதாவே சொல்லிருந்தாலும் சரி, கத்து. என்ன?"

"சரிம்மா."

"உண்மையைச் சொன்னீங்களே, அதுவரைக்கும் சரி" என்று என்னிடம் சொன்னாள். மன்னித்தாள் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. கீழே கிடந்த நாத்து முடிச்சை எடுத்துக்கொண்டு, பிள்ளையைச் சாப்பிட அனுப்பிவிட்டு, மழையில் வயலுக்குப் போனாள்.

மேடம் அன்று மாலையே நடந்ததை அப்படியே எழுதி அலுவலகத்துக்குக் கொடுத்தார். கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். வண்டியைப் பொங்கல் வரை நிறுத்திவைத்தார்கள். நான் கொள்முதல் நிலையத்துக்கே திரும்பிப் போய் மூட்டை தூக்கினேன். வேறு ஊருக்குக் கிளம்பிவிடலாம் என்று பல நாள் தோன்றியது. அதற்கு முன் எல்லா இடத்திலும் அதைத்தான் செய்திருக்கிறேன். ஏனோ அந்த முறை போகவில்லை. திரும்ப அழைத்தபோது மேடம் ஒரே ஒரு மாற்றம் செய்தார். இருட்டுவதற்கு முன் பிள்ளைகளிடம் சட்டத்தைச் சொல்லிவிட்டு, "ஆனா பயமா இருந்தா, நான் என்ன சொல்லிருந்தாலும், கத்தணும்" என்று சேர்த்துக்கொண்டார். முதலில் ஒரு தடவை எல்லாரையும் கத்தவும் வைப்பார். நாற்பது பிள்ளைகள் கத்தினால் பலூனே அதிரும். பக்கத்து வகுப்பு வாத்தியார்கள் வந்து சண்டை போடுவார்கள். போட்டுவிட்டுப் போகட்டும்.

அடுத்த வருடம் அதே பள்ளிக்குப் போனோம். ரீத்தா ஐந்தாவது. வாசலில் செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டு, உள்ளே போகாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"என்ன பாப்பா?"

"என்னைய எண்ணிட்டீங்களா?"

தலையைத் தொட்டு எண்ணினேன். அன்றிலிருந்து நான் தலையைத் தொட்டுத்தான் எண்ணுகிறேன், எவ்வளவு நேரமானாலும் சரி. நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆனால் அதையும் முழுசாக நம்பாதீர்கள். நான் செருப்பை நம்பியதைப் போலத்தான் அதுவும். எந்தக் கணக்கும் இரண்டு வருடம் பொய்க்காமல் இருந்தால் நம்மைத் தூங்க வைத்துவிடும்.

அதனால் கடைசியாக ஒன்று. எல்லாரும் வெளியே வந்த பிறகு, டார்ச் இல்லாமல் நீங்கள் ஒருவர் மட்டும் உள்ளே போங்கள். ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வலது உள்ளங்கையால் தரையைத் தடவி ஒரு முழுச் சுற்று வாருங்கள். பென்சில் கிடைக்கும், ரிப்பன் கிடைக்கும், ஒரு நாள் எனக்கு ஒரு கடலை மிட்டாய் கிடைத்தது. சுற்றி முடித்ததும் நடுவில் உட்கார்ந்து, அந்த இருட்டைப் பார்த்து, "விடிஞ்சாச்சு" என்று சத்தமாகச் சொல்லுங்கள். முதல் சில நாள் வெட்கமாக இருக்கும். சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள்.

யாரும் பதில் சொல்லாவிட்டால், இறக்கலாம்.